என் சிரிப்பைக் கண்டு பயந்தவர்

மூன்று வருடங்களுக்கு முன், நெல் அறுவடை முடிந்திருந்த ஒரு மதியம். மானாம்பதிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கழனிக்குச் சாப்பாடு எடுத்துப் போனேன். அங்கே என் கணவரின் தம்பி மட்டும் இருந்தார். அவருக்கு மனச்சிதைவு நோய். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு அமைதியாகத்தான் இருப்பார். யாரோடும் ஒட்டமாட்டார், அவ்வளவுதான்.

சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். வழக்கம்போல் அவரைப் பார்த்துச் சிரித்தேன். முகம் வெளிறிப்போய், ஓரடி பின்னால் வைத்தார்.

“இன்னாத்துக்கு அண்ணி அப்டி மொறைக்கிற?”

வேறு யாரையோ சொல்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. ஒரு காக்கைகூட இல்லை.

“இல்லப்பா, சிரிச்சிக்கினுதானே கீறேன்” என்று இன்னும் நன்றாகச் சிரித்துக் காட்டினேன்.

“பல்லக் கடிக்கிற. நீ எங்க அண்ணியே இல்ல.”

என் முகத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்துவிட்டதுபோல, கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். சிரிப்பு அங்கேயேதான் இருந்தது. அவர் என் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே அடியெடுத்துப் போய்க்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் போனால் கிணறு. பிடிக்க ஓடினால் விழுந்துவிடுவார்.

எப்படித் தோன்றியதோ, அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

“நாந்தாம்பா. கோவம்லாம் ஒண்ணும் இல்ல. கத்திரிக்கா கொயம்பு கொண்டாந்துகீறேன், துண்ணு.”

துணிக்குள் இருட்டில், தண்ணீர்ச் சத்தம் வந்துவிடக் கூடாதே என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து என் பக்கத்தில் தூக்குச்சட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் முகத்தைக் காட்டவில்லை.

அந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போனோம். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். முகத்தைப் பார்த்து அன்பா கோபமா என்று புரிந்துகொள்ள மூளையில் சில பகுதிகள் உண்டாம். இந்த நோய் உள்ள சிலருக்கு அவற்றின் அமைப்பிலேயே மாற்றம் இருக்குமாம். சாதாரண முகம்கூட மிரட்டுவதாகத் தெரியலாமாம். “வாயால சொல்லுங்க. குரல் அவருக்குப் புரியுது” என்றார்.

இப்போது வீட்டில் எல்லோரும் அவரிடம் மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் பேசுகிறோம். “சந்தோசமாத்தான கீற அண்ணி?” என்று அவரும் கேட்டுக்கொள்கிறார். ஆனாலும், நாங்கள் பாசத்தோடு பார்த்த அத்தனை வருடமும் எத்தனை கோப முகங்களுக்கு நடுவே அவர் தனியாக உட்கார்ந்து சோறு தின்றிருப்பார் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.