பெருவுக்குப் போன சிலோன் கப்பல்

லண்டனில் என்னோடு அலுவலகக் கட்டிடம் துப்புரவு செய்த பெரு நாட்டுக்காரரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். என் நாடு ஸ்ரீலங்கா என்று நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. சிலோன் என்றதும் தரை துடைக்கும் மொப்பை வாளியில் போட்டுவிட்டு, அது தன்னுடைய கப்பல் என்றார்.

பெருவின் கடற்படையில் அவர் கொதிகலன் அறையில் வேலை செய்த குரூசர், பிரிட்டன் கட்டிய இலகு ரகப் போர்க்கப்பல். முதலில் அதற்குச் சிலோன் என்று பெயர். உலகப் போரிலும் கொரியப் போரிலும் சண்டையிட்ட கப்பலைப் பெரு வாங்கி, தன் வீரர் ஒருவரின் பெயரை வைத்தது. இருபது வருடத்துக்கு மேல் அங்கே ஓடிய பிறகுதான் தாய்வானுக்கு இழுத்துக்கொண்டு போய் உடைத்தார்கள்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு அண்ணை ஊருக்கே திரும்ப முடிவு செய்தார். போகுமுன் அப்படியொரு கொதிகலன் அறையில் ஒருமுறை நிற்க ஆசைப்பட்டார். தேம்ஸ் நதியில் காட்சிக்கு நிற்கும் பழைய குரூசருக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னேன்.

"வழி கேக்கவே வாய் திறக்கமாட்டியள். நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போறியளோ?" என்று மனைவி சிரித்தாள்.

கப்பலில் ஏறியதும் அண்ணை பின்தளத்தைப் பார்த்து விறைப்பாகச் சல்யூட் அடித்தார். அங்கே ஏதோ சாமி இருக்கிறதாக்கும் என்று நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். கடற்படைக்காரர் கப்பலுக்குக் கொடுக்கும் மரியாதை அது என்று சொல்லி, திரும்பப் போட வைத்தார்.

கொதிகலன் அறைக்கு இறங்கும் ஏணி செங்குத்தாக இருந்தது. முழங்கால் வலியால் அண்ணை நொண்டுவதைக் கண்ட கப்பல் பணியாளர் இறங்க வேண்டாமென்று மறித்தார். அண்ணைக்கு ஆங்கிலம் போதாது. திரும்பி நடந்தார். இப்படியான இடங்களில் முதலில் திரும்புகிறவன் நான்தான். அன்று நின்றேன்.

"இவர் சிலோன் என்ற குரூசரில் கொதிகலன் பார்த்தவர். நான் அந்தச் சிலோன்காரன். முன்னால் இறங்கி, இவர் காலைப் படியில் நான் பிடித்து வைக்கிறேன்," என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

பணியாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மெதுவாக. முகம் ஏணிப் பக்கம் இருக்கட்டும்," என்றார்.

படிக்குப் படி அண்ணையின் காலைப் பிடித்து வைத்தபடி இறங்கினேன். கீழே அவர் குழாய்களைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஸ்பானிய மொழி பேசும் ஒரு குடும்பம் வந்தபோது, தன் கப்பலின் கதையை அவர்களுக்குச் சொன்னார். எனக்குச் சிலோன் என்ற சொல் மட்டும் விளங்கியது. அதைச் சொல்லும்போது என்னைக் காட்டினார். அவர்கள் ஒவ்வொருவராக வந்து எனக்குக் கை கொடுத்தார்கள். அந்தக் கப்பலை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லோருக்கும் கை கொடுத்தேன்.