பெயரும் நட்சத்திரமும்

மண்ணெண்ணெய் அடுப்பும் கற்பூரமும் ஒரே அறைக்குள் எரிந்தால் ஒரு மணம் வரும்; கண்ணைக் கரிக்கும், தொண்டையில் இனிக்கும். கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த ஒற்றை அறைக்கு வெள்ளிக்கிழமைகளில் அந்த மணம்தான். இன்று வெள்ளவத்தையில் எனக்கு இரண்டு ஹார்ட்வெயார் கடைகள், அடுக்குமாடி வீட்டில் பளிங்குக்கல் பதித்த சாமியறை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், ஒருவரிடமும் கைநீட்டாமல் வந்தவன்; இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எப்படி வந்தாய் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எவரையும் உடனே நம்பமாட்டேன். ஆணி வாங்கினாலும் பெட்டியைக் கவிழ்த்து அடியில் கிடப்பதைப் பார்ப்பேன். நான் முதன்முதலில் சந்தேகப்பட்ட ஆள் என் அம்மா.

நாங்கள் இருந்த இடத்தைத் "தோட்டம்" என்பார்கள். மரம், செடி ஒன்றுமில்லை. ஒடுங்கிய ஒழுங்கையின் இரு பக்கமும் பதினாறு அறைகள், எல்லோருக்குமாக ஒரு பைப். அங்கே யாழ்ப்பாணத்தவர் நாங்கள் மட்டும்தான். அப்பா புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் வேலை. மற்ற வீட்டு ஆண்கள் துறைமுகத்தில் வேலை, அவர்களின் பெற்றோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். ஆகவே எங்கள் பேச்சு அவர்களுக்குச் சிரிப்பு, எங்கள் அமைதி அவர்களுக்குச் சந்தேகம். எதிர் அறைப் பாக்கியம்தான் பைப்படியில் ராணி. அம்மா வாளியோடு வந்தால், "யாழ்ப்பாணத்து மகாராணி வந்துட்டாங்க, வழி விடுங்கடி!" என்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். அம்மாவும் சிரித்துவிட்டு வாளியைக் கடைசியில் வைப்பார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. கோபப்படாத ஆள் கோபத்தை எங்கேயோ சேர்த்து வைக்கத்தானே வேண்டும்?

அம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. பைப்படியில் ஒவ்வொருவரிடமும், "உங்கட மகளுக்கு என்ன நட்சத்திரம்?", "அவருக்கு என்ன நட்சத்திரம்?" என்று விசாரிப்பார். வெள்ளிக்கிழமை அப்பா கடைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கின் முன் அரைமணி நேரம் இருப்பார். வெளியே யார் கூப்பிட்டாலும் பதில் வராது. அர்ச்சனைக்கு ஐயர் கேட்பது பெயரும் நட்சத்திரமும். செய்வினை செய்கிறவன் கேட்பதும் அதே இரண்டும்தான். இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை, விளையாடப் போவதாகச் சொல்லிவிட்டுக் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டேன். அம்மா செவ்வரத்தம் பூக்களின் இதழ்களைக் கிள்ளி, ஒவ்வொன்றாக விளக்கடியில் வைத்தபடி முணுமுணுத்தார்: "பாக்கியம், மகம். பாக்கியத்தின்ர மகன் ராசு, பரணி..." தன்னைப் பழித்தவர்கள் ஒருவரையும் அவர் விடவில்லை. பெயர்களுக்குப் பிறகு சொன்னது என் காதில் விழவில்லை. விழுந்தவரை எனக்குப் போதும். அன்று பின்னேரமே பைப்படியில் நின்று, "அம்மா உங்கட பேரெல்லாத்தையும் சாமியிட்டச் சொல்லுறா" என்று உளறிவிட்டேன். எல்லோருக்கும் முன்னால் துப்பறிந்தவன் நான் என்ற பெருமை.

மூன்றாம் நாள் ராசுவுக்குக் காய்ச்சல். பாக்கியம் எங்கள் வாசலில் தலையை விரித்துப்போட்டு நின்றாள். "ஏன்டி, எம்புள்ள பேர வச்சு என்னாடி பண்ணுன? நச்சத்திரம் கேட்டப்பவே எனக்குத் தெரியும்டி!" பின்னால் நின்ற பெண்கள் தீர்ப்புச் சொன்னார்கள்: வரும் வெள்ளிக்கிழமைக்குள் எல்லோர் முன்னிலையிலும் கற்பூரத்தைக் கொளுத்தி, கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் அறையை விட்டுப் போக வேண்டும். அறைகளை வாடகைக்கு விட்டவரும் செய்வினைக்குப் பயந்தவர், எங்கள் பக்கம் பேசமாட்டார்.

அப்பா வேலையால் வந்து, சேர்ட்டைக் கூடக் கழற்றாமல், "உண்மையைச் சொல்லு. என்ன செய்யிறனி?" என்று கேட்டார். அவருக்கும் சந்தேகம்தான்.

"பேர் சொல்லிக் கும்பிடுறனான். எனக்கு மந்திரமே தெரியும்?"

"அப்ப அடிச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டு விடன். இந்தச் சனத்தோட மல்லுக்கட்டேலுமே?"

"அங்க பிள்ளை காய்ச்சலிலை கிடக்குது. இதுக்குள்ள நான் என்ர நல்ல பேருக்குக் கற்பூரம் அடிக்கிறதே? மாட்டன்."

"அப்ப றோட்டிலைதான் நிக்கவேணும்."

"அவை சொல்லுறது அவையின்ர வாய். அதை உள்ள எடுக்கிறதும் விடுறதும் என்ர பாடு" என்றார் அம்மா. பிறகு அரிசி களைந்தார். ஒரு மணியாவது சிந்துகிறதா என்று உற்றுப் பார்த்தேன். சிந்தவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. அப்பா கடைக்குப் போகாமல் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் குந்தியிருந்தார். அம்மா கதவைச் சாத்தவில்லை. அகலத் திறந்துவிட்டு விளக்கேற்றினார். வாசல் நிறையப் பெண்கள். அம்மா கற்பூரத்தைத் தொடாமல் பூவிதழைக் கிள்ளி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பாக்கியம், மகம் நட்சத்திரம். மனசு ஆறி, சந்தோசமா இருக்கவேணும்."

"ஆளப் பாத்ததும் மாத்திச் சொல்றா பாரு, கள்ளி!" என்றாள் பாக்கியம்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "ராசு, பரணி நட்சத்திரம். காய்ச்சல் மாறி, எழும்பி ஓடித் திரியவேணும்." பாக்கியம் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மற்றப் பெயர்களும் வந்தன. தங்கள் பெயர் வரும்வரை ஒருத்தியும் நகரவில்லை. கடைசி இதழ் எனக்கு. என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, "பொறுப்பாக் கதைக்கப் பழகவேணும்" என்றார். உளறியது யார் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

சத்தியம் நடக்காததால் தீர்ப்பு என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் தன் அறைக்குள் போய்விட்டாள். மத்தியானம் தனியாக வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா... பரணி இல்ல. ரோகிணி. நீங்க கேட்டப்ப பயந்துபோய் பொய் சொல்லிட்டேன்."

பொய் நட்சத்திரம் கொடுத்தவளுக்குச் செய்வினைக்கு ஏன் பயம் என்று இன்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. பயம் அவ்வளவு யோசிக்காது போலிருக்கிறது. அம்மா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. மறுபடி விளக்கின் முன் இருந்து, "ராசு, ரோகிணி நட்சத்திரம்" என்று தொடங்கினார். பாக்கியம் பக்கத்தில் இருந்து கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். ராசு எழும்பியது சாமியாலா டிஸ்பென்சரி மருந்தாலா என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் அம்மாவின் முகத்தில் நான் கண்ட அமைதி நடிப்பில்லை என்று சொல்வேன். தோண்டித் தோண்டிப் பார்த்தவன் நான்.

அந்தத் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு மாடி நிற்கிறது. அம்மா இல்லை. பக்கத்து வீட்டாரின் நட்சத்திரத்தை இன்று யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை; வெள்ளவத்தையில் எனது தளத்தில் இருப்பவர்களின் பெயரே எனக்குத் தெரியாது. போன வருடம், என்னோடு ஒரு காலத்தில் பங்குக்குத் தொழில் செய்த மனிதர், நான் கோயிலுக்குக் கொடுப்பதெல்லாம் பெயரெடுக்கத்தான் என்று சபையில் சொன்னார். அன்றிலிருந்து நானும் வெள்ளிக்கிழமைகளில் விளக்கின் முன் இருந்து, என்னைப் பழித்தவர்களின் பெயர்களைச் சொல்லி, அவர்கள் நன்றாக இருக்கவேண்டும் என்கிறேன். மனம் கொஞ்சம் இறங்குகிறது, உண்மைதான். அந்த மனிதரின் முறை வரும்போது இதழைக் கிள்ளுகிறேன், விளக்கடியில் வைக்கிறேன். நட்சத்திரம் சித்திரை, அது நன்றாக ஞாபகமிருக்கிறது. பெயர்தான் இன்னும் வாயில் வரவில்லை.