ஜெனரலுக்காக எழுந்து நின்றவர்

நான் தினமும் வேலைக்குப் போகும் பிக்கரிங் ரயிலில் என் எதிரே உட்காரும் ஒல்லியான முதியவர், சீருடையில் டிக்கெட் பரிசோதகர் வந்தாலே பையை மார்போடு அணைத்தபடி எழுந்து நின்றுவிடுவார்.

"ஏன் அங்கிள் எழும்பிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் இருபக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் ஆபிரிக்காவில கணக்கு வாத்தியாரா இருந்தனான். அங்க ஒரு ஜெனரலின்ர ஆட்சி. ரோட்டு, கரண்ட், ஆஸ்பத்திரி எல்லாம் அவன்தான் கொண்டுவந்தவன். பொம்பிளைப் பிள்ளையளும் படிக்கவேணும் எண்டு சட்டம் போட்டவன். ஒருநாள் எங்கட பள்ளிக்கூடத்தைப் பாக்க வந்தான். நாங்கள் எல்லாரும் எழும்பினம். அந்த ஊர் வாத்தியார் ஒராள் மட்டும் எழும்பேல்லை. பின்னேரம் ஆமிக்காரர் அவரைக் கூட்டிக்கொண்டு போச்சினம். ஆள் திரும்பி வரேல்லை."

"அப்ப அவன் கூடாதவன்தானே?"

"என்ர மகள் பிறக்கேக்க என்ர மனுசி சாகக் கிடந்தவ. அவன் கட்டின ஆஸ்பத்திரிதான் ரெண்டு பேரையும் காப்பாத்தினது."

அவர் கைகளைப் பிசைந்துகொண்டார்.

"பிறகு அந்த வாத்தியாரின்ர மனுசி என்னட்டக் கேட்டவ, நீங்கள் ஒருத்தரும் எழும்பாமல் இருந்திருந்தா எத்தினை பேரைக் கொண்டுபோயிருப்பாங்கள் எண்டு. சொல்லும் தம்பி, நான் என்ன சொல்லியிருக்கவேணும்?"

நான் இறங்கும் யூனியன் நிலையம் வரும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் கண்ணில் படாமல் வேறு பெட்டியில் ஏறினேன். இன்றும் அப்படித்தான் ஏறுகிறேன்.