குட்டிக்குப் பால் கொடுக்காத முயல்

முயல் மூத்திரத்தின் நெடி மூக்கில் ஏறுவதற்கு முன்னால் கண்ணில் ஏறும். ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், பழப்பெட்டிப் பலகையும் கம்பி வலையும் வைத்து நைனா அடித்த "பொட்டி"களுக்குள் கையை விட்டுப் புழுக்கை வழிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கரித்துக்கொண்டு நீர் வழியும். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அரை ஏக்கர் நெல்லை நம்பியிருந்த அவரிடம், கறிக்கு முயல் வளர்த்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று யாரோ ஓர் ஆபீசர் சொல்லி, ஓர் ஆணையும் இரண்டு பெட்டையையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எழுபதுகளின் கடைசி, எனக்கு ஒன்பது வயது.

அதே சமயத்தில்தான் அம்மா கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த ஒரு "கம்பெனி"க்கு அட்டைப்பெட்டி ஒட்டப் போக ஆரம்பித்தாள். தம்பி ஆறு மாசக் குழந்தை. விடியும் முன்னே அவனுக்குப் பால் கொடுத்து என் பக்கத்தில் கிடத்திவிட்டு ரயிலுக்கு ஓடினாளானால், பொழுது சாய்ந்து வந்துதான் மறுபடி மடியில் போட்டுக்கொள்வாள். நடுவில் உள்ள பகல் முழுக்க அவன் என் இடுப்பில். பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் மட்டம். அம்மாமேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வரும். அவள் கழற்றிப் போட்ட சேலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு படுப்பதும் நானேதான். இது என்ன கூத்து என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெரிய பெட்டை ஏழு குட்டி போட்டது. மயிரில்லாமல், கண் திறக்காமல், சிவப்புச் சிவப்பாக. தன் நெஞ்சு மயிரையே பிடுங்கி அவற்றை மூடிவிட்டு, அது பெட்டியின் மறு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. பகலெல்லாம் குட்டிகள் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த வீட்டில் ஆடு வளர்த்துக்கொண்டிருந்த நைனாவின் அக்கா, என் அத்தை, எட்டிப் பார்த்துவிட்டு முகவாயில் கை வைத்தாள். ஆட்டுக்குட்டி நாளெல்லாம் தாய் மடியை முட்டும். அவள் கண்டது அதுதான்.

"பெத்துப் போட்டுட்டு இன்னா சொகுசா குந்திகினு கீது பாரு. இதெல்லாம் ஒரு தாயா?"

முயலைச் சொன்னாளா, அம்மாவைச் சொன்னாளா? அவள் கண் தம்பியின் மேல் இருந்தது. எனக்குக் குழப்பமாக இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் விடிகாலையில் கொல்லைக் கதவைத் தாழ்போட அம்மாவின் பின்னால் போனேன். "ஏய், இங்க வா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். பெட்டிக்குள் தாய் முயல், குட்டிகளுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. குட்டிகள் மல்லாந்து கிடந்து சப்பிக்கொண்டிருந்தன. ஐந்து நிமிஷம்கூட இருக்காது. தாண்டிக் குதித்துப் போய்விட்டது. அம்மா ஒரு குட்டியை எடுத்து லாந்தர் பக்கம் காட்டினாள். மெல்லிய தோலுக்குள் வயிறு நிறையப் பால் வெள்ளையாகத் தெரிந்தது. அம்மா சிரித்தாள். ரயிலுக்கு நேரமாகியும் சிரித்துக்கொண்டே நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை குட்டிகளைப் பிரித்து ஆட்டுப்பால் புகட்டலாம் என்று கிளம்பினாள். அம்மா குறுக்கே நின்றாள்.

"வோணாம் அண்ணி. அது விடிகாலைல ஒரு வாட்டி குட்த்துடுது. நான் பாத்தேன்."

"ஊட்ல இன்னா நடக்குதுன்னே தெரியாம கம்பெனிக்கு ஓடுறவ எனக்குச் சொல்ல வந்துட்டா!" அத்தை நைனாவைப் பார்த்தாள். "டேய், இவ பேச்சக் கேட்டுகினு இருந்தீன்னா முயலும் தங்காது, உன் புள்ளையும் தங்காது."

"இவளும் பாத்தா. இவளயே கேளு" என்றாள் அம்மா.

நைனா என் பக்கம் திரும்பினார். "பாத்தியாம்மா?"

அத்தை ஜெயித்தால் அம்மா வீட்டோடு இருப்பாள். இதை அப்போது யோசித்தேனா, பிற்பாடு நானே சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை. "நான் பாக்கல நைனா" என்றேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. அடித்திருந்தால் தேவலை.

குட்டிகளைக் கோழிக்கூடையில் வைத்து, ஆட்டுப்பாலில் திரி நனைத்து வாயில் வைத்தாள் அத்தை. வயிறு உப்பி, நாலு நாளில் ஏழும் போயின. கிணற்றடியில் புதைத்தது நான்தான். குட்டியைக் காப்பாற்றாத முயலுக்குத் தீனி எதற்கு என்று அடுத்த ஞாயிறே அதைக் கறி வைத்தார்கள். அம்மாதான் மிளகு அரைத்தாள். கறி ருசியாக இருந்தது, சண்டாளி நான் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கித் தின்றேன்.

கை கழுவும்போது நைனா சொன்னார்: "முயலுக்கே இந்த கெதி. நம்ம புள்ளைக்கு ஒன்னு ஆனா யாரக் கேக்கறது? போதும்மே, ஊட்டோட இரு."

மறுநாளும் அம்மா அதே நேரத்துக்கு எழுந்தாள். எழுந்து, தலை வாரிப் பின்னி முடித்து, பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் அவள் பக்கத்தில் போய்ப் படுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த மாசம் சின்னப் பெட்டை குட்டி போட்டபோது அறுவடை மும்முரம், யாரும் கிட்டே போகவில்லை. ஐந்தும் கொழுகொழுவென்று வளர்ந்தன. நைனா அவற்றைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

இப்போது அந்தக் கொல்லையும் இல்லை, நெல்லும் இல்லை. நீளமான மதில் ஒன்றுதான் இருக்கிறது, அதற்குள் ஏதோ தொழிற்சாலை. நைனாவும் அத்தையும் போய்விட்டார்கள். போன வருஷம் அம்மாவை அந்த வழியாக ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனபோது, ஷிப்டு முடிந்து நீலக் கோட்டுப் போட்ட பெண்கள் கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன்.

"அம்மா, அன்னிக்கி அந்த முயல நானும் பாத்தேம்மா."

"முயலா? நம்ம ஊட்லயா?" அம்மா நிஜமாகவே யோசித்தாள். மறந்துதான் போனாளா, என்னை விட்டுவிட நினைத்தாளா, முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு அந்தப் பெண்களையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்குன்னு ஒரு ஸ்டூல் குட்த்துருந்தாங்கடி. நம்பர் போட்டது. வேற யாரும் அதுல குந்தக் கூடாது."