செபத்தில் வராத பெயர்

தேநீர்க் கோப்பை தட்டில் மோதிக் கிலுகிலுத்தபோதுதான் என் கை நடுங்குவதை அறிந்தேன். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ரானுயியில், வெள்ளி மாலைச் செபக்கூட்டத்தில், எதிரே இருந்த பெண்கள் அதைக் கவனித்திருப்பார்களோ என்பதே என் முதற் கவலை. நோயைப் பற்றிய கவலை பின்னரே வந்தது.

நன்றாக உண்டும் மெலிந்துகொண்டிருந்தேன். படுத்திருந்தாலும் ஓடிவந்தவளைப்போல் நெஞ்சு அடித்தது. தைரொயிட் மிகை (கழுத்திலுள்ள சுரப்பி அளவுமீறிச் சுரந்து உடலை விரைவுபடுத்தும் நோய்) என்றார் மருத்துவர். மாத்திரைகள் போதவில்லை. கதிரியக்க அயடீன் (அச்சுரப்பியை அடக்கும் மருந்து, உட்கொண்டவரின் உடலிலிருந்து சில நாள்கள் மெல்லிய கதிர் வெளிப்படும்) தருவதென முடிவாயிற்று. அந்நாள்களில் சிறு மகளை நான் தூக்கவோ அருகில் படுக்கவைக்கவோ கூடாது.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார்.

கணவருக்கு வேலை புதிது, விடுப்பு இல்லை. "கதிர் எண்டு சொன்னால் சனம் கான்சர் எண்டுதான் கதைக்கும். தங்கச்சியின்ர விசயம் முடியட்டும்," என்றார். என் தங்கைக்கு இங்குள்ள குடும்பமொன்றில் திருமணம் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் தாயும் அதே செபக்கூட்டத்துக்கு வருபவர்.

அக்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயுற்றோரின் பெயரை, நோயையும் சேர்த்து, உரத்துச் சொல்லிச் செபிப்போம். ஒருத்தியின் கருப்பைக் கட்டியும் இன்னொருத்தியின் கணவருடைய குடியும் எனக்குத் தெரியவந்தது அவ்வாறே. அதில் இரக்கம் எது, செய்தி எது என்று என்னால் பிரித்தறிய முடிந்ததில்லை.

ஆயினும், செபத்தை நடத்தும் மன்னார் றெஜினா அக்காவைத் தவிரக் கேட்பதற்கு வேறொருவரும் இல்லை. உண்மையைச் சொன்னேன்.

"பிள்ளையைக் கொண்டு வாரும். என்ர நாலோட அஞ்சு."

"அக்கா, செபத்தில மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"அப்ப கடவுளுக்கு ஆர் சொல்லுறது?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருந்து எடுத்த நாள்களில் மகள் றெஜினா அக்கா வீட்டில் இருந்தாள்; மாலைதோறும் அவர் தொலைபேசியில் அவளை என்னோடு பேசவைப்பார். நான் மகளின் குரலைவிட, அதன் பின்னால் ஒலித்த பெண்குரல்களையே கூர்ந்து கேட்டேன். யார் வந்திருக்கிறார்கள்? எதைக் கேட்கிறார்கள்?

மகள் திரும்பிய பின் மீண்டும் கூட்டத்துக்குப் போனேன். றெஜினா அக்கா ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் செபித்தார். என் பெயர் வரவில்லை. வாக்கைக் காத்தாரா, அல்லது அனைவருக்கும் முன்பே தெரியுமா? அந்த மௌனம் எனக்குப் பேச்சைவிடக் கூடுதல் ஐயத்தைத் தந்தது. என் நோய் பிறர் வாயில் வேறு நோயாக மாறுமுன், அதன் சரியான பெயரை நானே உரத்துச் சொன்னேன்.

எல்லாரும் ஆமென் என்றனர். மாப்பிள்ளையின் தாய் மட்டும் கண்ணைத் திறந்தார்.

"கான்சர் இல்லைத்தானே, பிள்ளை?"

"இல்லை, மாமி."

"டொக்டர் வடிவாச் சொன்னவரோ?"

"அவ பொய் சொல்லவோ செபத்துக்கு வந்தவ?" என்றார் றெஜினா அக்கா.

திருமணப் பேச்சு நிற்கவில்லை, முடிவின்றி நீண்டது. காரணத்தை எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதே மருந்துக்காகக் காத்திருப்போருக்கு ஒன்று சொல்வேன்: ஒருவரை முழுதாக நம்பிய பின்பே உதவி கேட்பதென்றால், கேட்கும் நாள் வராது.

சில மாதங்களில் சுரப்பி அடங்கியது, மிகையாகவே அடங்கியது. இனி வாழ்நாள் முழுதும் காலையில் ஒரு மாத்திரை. நெஞ்சு நிதானமாக அடிக்கிறது. அந்த நிதானத்தையும் நான் நம்புவதில்லை.

மருத்துவர் விதித்த நாள்கள் எப்போதோ முடிந்துவிட்டன. ஆனாலும் மகள் மடியில் ஏறுமுன் சற்றுத் தள்ளி நின்று, "இப்ப வரலாமோ, அம்மா?" என்று கேட்கிறாள். ஒரு கணம் தாமதித்தே ஓம் என்கிறேன்.