கிளாடிஸ் எழுதிய மறுப்பு

திரேஸ்புரத்து ஜெராக்ஸ் கடையில் ஊராரின் மனுக்களையெல்லாம் டைப் அடித்துக் கொடுக்கிறவள் கிளாடிஸ். தன் பெயரில் அவள் எழுதியது ஒரே ஒரு கட்டுரை. அதை எழுதாமலே இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றில் ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார்: சங்கு குளிக்கிறவர்கள் குஞ்சுச் சங்கைக்கூட விடுவதில்லை, கடல் மலடாகிறது, குளிப்பதையே தடை செய்ய வேண்டும். அதிகாரிகள் அதைப் பற்றி முடிவெடுக்கக் கூட்டம் போடவிருந்த நேரம் அது. கிளாடிஸின் புருஷன் கஸ்பாருக்குச் சங்கு குளிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. கடலுக்குள் முங்கி முங்கி ஒரு காதும் அவிந்துவிட்டது. நீதான் பதில் எழுத வேண்டும் என்று படகுக்காரர்கள் அவளிடம் வந்து நின்றார்கள்.

அவளுக்குத் தெரிந்தது ஊர்க்கூட்டத்து முறை ஒன்றுதான். அங்கே மறுத்துப் பேச எழுந்தவன், எதிராளி சொன்னதை எதிராளியே தலையாட்டும்படி முதலில் சொல்லிக்காட்ட வேண்டும். அதில் நியாயம் இருந்தால் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் தன் பேச்சு. நல்ல முறைதான், யார் இல்லை என்றது? ஆனால் ஊர்க்கூட்டத்தில் கடைசிவரை எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படியே எழுதினாள். பேராசிரியரின் வாதத்தை அவரைவிடத் தெளிவாகச் சொன்னாள். குஞ்சுச் சங்கு எடுக்கிற ஆட்களும் உண்டு என்று ஒத்துக்கொண்டாள். பிறகு தன் மறுப்பை வைத்தாள்: குளிக்கிறவன் கையால் தடவி எடுக்கிறான், சிறியதைத் திரும்பப் போட அவனால் முடியும். கடலடியை வாரிப்போகும் விசைப்படகின் இழுவலைக்கு அது முடியுமா? வலையை விட்டுவிட்டுக் கையை ஏன் கட்டுகிறீர்கள்?

கஸ்பாருக்குப் படித்துக் காட்டினாள். கேட்கிற காதைத் திருப்பி வைத்துக்கொண்டு அவன் முழுவதையும் கேட்டான்.

"ஏளா, கடைசில ஒரு கேள்வி வச்சிருக்க பாரு, அது போதும்ளா" என்றான்.

அதே பத்திரிகைக்கு அனுப்பினாள். அவர்கள் இடமில்லை என்று கட்டுரையின் வாலை வெட்டிவிட்டார்கள். அச்சில் வந்தது பேராசிரியரின் வாதமும் கிளாடிஸின் ஒப்புதலும் மட்டும். மேலே கொட்டை எழுத்தில், 'சங்கு குளிப்பவரின் மனைவியே ஒப்புக்கொள்கிறார்.' போன் போட்டுக் கேட்டாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

அதிகாரிகள் போட்ட கூட்டத்துக்கு அவளும் போயிருந்தாள். ஒரு அதிகாரி அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, "இது நீங்க எழுதினதுதானம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். வேறென்ன சொல்வாள்? மீதியைச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

தடை வந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டாள் என்று ஊர் பேசியது. படகுக்காரர்கள் மனு எழுத வேறு கடைக்குப் போகிறார்கள். கஸ்பார் வாட்ச்மேன் வேலை கேட்டுப் போனான். காது கேட்காதவன் எதற்கு என்று அனுப்பிவிட்டார்கள்.

அவள் எழுதியதை முழுசாகக் கேட்டவன் இந்த உலகத்தில் அவன் ஒருத்தன்தான். அதுவும் ஒற்றைக் காதால்.