பொன் நிறத்துக்கு ஸ்தோத்திரம்

இதை எழுத வேண்டுமென்று உட்கார்ந்து, கடைசியில் அதே தாளில் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்குப் போனது எத்தனையோ முறை. மூன்றாம் படிவம் வரை படித்தவனுக்கு எழுத்து எங்கே வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. போகப் போகத் தெரியும்.

போன வாரம் எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி, பிறந்து நான்கு நாளான தன் பிள்ளையின் படத்தைப் போட்டிருந்தார். கீழே வரிசையாக ஸ்தோத்திரங்கள். ஒரு சகோதரி, "என்ன கலர் லா பாப்பா! தங்கம் மாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தார். உடனே அந்தத் தம்பியைப் போனில் கூப்பிட்டு, "பாப்பாவ வெளிச்சத்துல வச்சு மூக்க அமுக்கிப் பாருங்க" என்றேன்.

"அங்கிள், அது போன்ல வர்ற ஃபில்டர்."

"ஃபில்டர எடுத்துட்டு அமுக்குங்க" என்றேன். கிழவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்தால் எனக்குப் பிளாஸ்டிக் வாசனைதான் வரும். சிரிக்காதீர்கள். மலேசியாவில், ஈப்போ நகரில் ஒரு தாதியர் கல்லூரியின் செய்முறை அறையில் நான் உதவியாளாக இருந்தேன். ஆறு பொம்மைக் குழந்தைகளைக் கழுவி, துடைத்து, அலமாரியில் படுக்க வைப்பது என் வேலை. சொந்தப் பிள்ளை பிறக்கும் முன்பே ஆறு பிள்ளைக்காரன். பச்சைக் குழந்தைகளின் பராமரிப்பைப் பாடமாக எடுத்தவர் ராஜம் சிஸ்டர். பொம்மைகளோ வெள்ளைக்காரக் குழந்தைகளைப் போல ரோஸ் நிறம். காமாலை எப்படி இறங்கும் என்று காட்ட, சிஸ்டர் சமையல் மஞ்சளைக் குழைத்து முகத்தில் தொடங்கிப் பாதம் வரைக்கும் பூசுவார்.

"நம்ம புள்ளைங்க கறுப்பு, சும்மா பாத்தா தெரியாது. விரலால அமுக்கி எடு, வெளுக்குற எடத்துல மஞ்ச தெரியும். பாதத்துக்கு எறங்கிடுச்சுன்னா பேசிக்கிட்டு நிக்காத, தூக்கிக்கிட்டு ஓடு!"

மாணவிகள் வகுப்பு முடிந்து போய்விடுவார்கள். பிளாஸ்டிக்கில் ஏறிய மஞ்சளைத் தேய்க்கிறவன் நான். எவ்வளவு தேய்த்தாலும் அந்த அறையில் எப்போதும் லேசாக ஒரு குழம்பு வாசனை இருக்கும். தேய்த்துத் தேய்த்தே பாடம் எனக்கு மனப்பாடம். சிஸ்டருக்கு இருமல் வந்தால் அடுத்த வரியை நான் வாசலில் நின்று எடுத்துக் கொடுப்பேன். அவ்வளவு மண்டைக்கனம்.

மாணவிகளில் கலா என்று ஒரு பெண், பாரிட் புந்தார்க்காரி. தேர்வில் பதறிப்போய் பொம்மையைக் கீழே போட்டுவிட்டாள். தலை தனியே கழன்று மேசைக்கு அடியில் உருண்டது. "அண்ணே, தல எங்கண்ணே?" என்று அவள் அழுதது ஒரு மாதத்துக்கு எங்களுக்குச் சிரிப்பு.

அந்தச் சமயத்தில்தான் ஆண்டவர் எங்களுக்கு ஒரு மகளைக் கொடுத்தார். என் மனைவிக்குப் பத்தியம் பார்க்க அவளுடைய அக்கா சுங்காயிலிருந்து வந்திருந்தார். அரசாங்கத் தாதி முதல் தடவை வந்து பார்த்தபோது குழந்தை நன்றாகத்தான் இருந்தாள். அடுத்த தடவை வந்தவரை அக்கா கேட்டிலேயே நிறுத்தி, "புள்ள தூங்குது மிஸ்ஸி, திங்கக்கெழம வாங்க" என்று அனுப்பிவிட்டார். அதற்குள் குழந்தைக்கு நிறம் வந்துவிட்டது. நாங்கள் எல்லாரும் தோட்டத்து வெயிலில் வெந்த வம்சம். அக்காவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

"நம்ம கூட்டத்துல இப்படி ஒரு கலரு பொறந்திருக்கா? பொன்னு லா, பொன்னு!"

பேரும் பொன்மணி என்றே முடிவானது. குழந்தை அழுவதில்லை, பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருந்தது. இதையும் நல்ல குணம் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாணவிகள் சிலர் பிள்ளைக்குச் சட்டை வாங்கிக்கொண்டு வந்தார்கள். கலாவும் வந்தாள். குழந்தையை ஜன்னலோரம் கொண்டுபோய் மூக்கு, நெஞ்சு, முட்டி என்று ஒவ்வொரு இடமாக அமுக்கினாள். பாதத்துக்கு வந்ததும் அவள் முகம் மாறியது.

"அண்ணே, கால் வரைக்கும் மஞ்சளா இருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணே."

வீடு நிறைய ஆட்கள். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். நான் சொன்னேன்: "பொம்ம தலைய உருட்டுனவ எனக்குப் பாடம் எடுக்குறியா? போம்மா, போய்ப் பரீட்ச பாஸ் பண்ணு!"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நன்றிக் கூட்டம். "பொன்னைப் போல ஒரு பிள்ளையைத் தந்தீரே, ஸ்தோத்திரம்" என்று நான் கண்ணீரோடு ஜெபித்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், ராஜம் சிஸ்டர் செருப்புக் காலோடு உள்ளே வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்தார். பின்னால் கலா. விடுப்பில் காம்பாரில் இருந்த சிஸ்டரை, விசாரித்து விசாரித்துப் பேருந்து ஏறிப் போய் அழைத்து வந்திருக்கிறாள்.

மருத்துவமனையில் குழந்தையின் ரத்தத்தையே மாற்றினார்கள். கண்ணைக் கட்டி நீல வெளிச்சத்தில் கிடத்தினார்கள். "எப்ப மொதல்ல கவனிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். "இன்னைக்குத்தான் டாக்டர்" என்றேன். சிஸ்டரும் கலாவும் பக்கத்தில்தான் நின்றார்கள். இருவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆண்டவர் உயிரைத் திருப்பிக் கொடுத்தார். நிறத்தையும்தான், என்னைப் போலவே நல்ல கறுப்பு. ஆனால் சில மாதம் கழித்து, கதவு படாரென்று சாத்திக்கொண்டபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை; முற்றிய காமாலை காதைக் கொண்டுபோயிருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு புது வகுப்புக்கும் சிஸ்டர் இந்தக் கதையைச் சொல்வார். காமாலைக்கு ஸ்தோத்திரம் சொன்ன அப்பா என்றதும் சிரிப்பு கூரையைப் பிளக்கும். முடிவில், "ஆனா ஒரு ஸ்டூடன்ட் சொன்ன அடுத்த நிமிஷம் புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடினாரு, அதான் நம்ம அண்ணன்!" என்பார். கை தட்டுவார்கள். நான் பொம்மையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஏன் சிஸ்டர் இப்படி என்று ஒரு தடவை கேட்டேன். "உள்ளதச் சொன்னா இந்தப் புள்ளைங்க உங்க மொகத்துல முழிக்குமா அண்ணே?" என்றார்.

இப்போது அந்தக் கட்டடத்தில் பார்சல் கிடங்கு நடக்கிறது. பொம்மைகள் எந்தக் குப்பைக்குப் போயினவோ தெரியாது. கிளினிக்கில் குழந்தையின் நெற்றியில் ஒரு கருவியை வைத்தால் மஞ்சளின் அளவு எண்ணாக வந்துவிடுகிறது. கலா வெளிநாட்டுக்குப் போய்விட்டாள். ராஜம் சிஸ்டரைப் போன வருஷம் அடக்கம் செய்தோம். அவர் எனக்காகச் சொல்லிவந்த அந்த நல்ல பொய்யும் அவரோடு போயிற்று.

பொன்மணி இப்போது ஒரு கேக் கடையில் வேலை செய்கிறாள். காதில் கருவி உண்டு, இருந்தாலும் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பாள். குடும்ப ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடுவோம். அவள் மட்டும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதுவரை எழுதியதை அவளிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தாள்.

"வெள்ளிக்கெழம இருக்கு, ஞாயித்துக்கெழம இருக்கு. சனிக்கெழம என்னப்பா செஞ்சீங்க?"

"கூட்டத்துக்குச் சபையிலேர்ந்து நாற்காலி ஏத்தி எறக்கிக்கிட்டு இருந்தேம்மா."

"நான்?"

"தூங்குன."

"அதையும் எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். நீங்கள் இதை யாருக்காவது சொல்வதானால், சிரிக்கிற இடத்தில் தாராளமாகச் சிரித்துச் சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு அந்தச் சனிக்கிழமையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.